துகள் இயற்பியலிலிருந்து பம்ப் பேரிங்குக்கு

முனைவர் பட்டம் முடியும் நேரத்தில் என் ரெஸ்யூமின் முதல் பக்கம் முழுக்க ஆய்வுக்கட்டுரைத் தலைப்புகள்தான். டேட்டா சயன்ஸ் வேலை கேட்டு முப்பது இடங்களுக்காவது அனுப்பியிருப்பேன். பெரும்பாலும் பதிலே வரவில்லை. இத்தனைக்கும் ஐந்து வருடமாக நான் செய்துகொண்டிருந்தது அந்த வேலையைத்தான். ஜெனீவா அருகே உள்ள செர்ன் ஆய்வகத்தின் துகள் மோதுகருவியில் புரோட்டான் கொத்துகள் நொடிக்கு ஏறக்குறைய 4 கோடி முறை குறுக்கிடும். அதில் மிகச் சிறு பங்கைத்தான் சேமிக்க முடியும். சேமித்ததிலும் நாம் தேடுவது எங்கோ ஒன்றிரண்டு. அதைப் பின்னணியிலிருந்து பிரிக்க நாங்கள் பயன்படுத்தியது பூஸ்டட் டிசிஷன் ட்ரீ வகை மாடல்கள், அதாவது ஒன்றின் தவறை அடுத்தது திருத்தும்படி அடுக்கிய சிறு முடிவு மரங்கள். அதே வகையில் இன்று பல துறைகளில் புழங்கும் எக்ஸ்ஜிபூஸ்ட் என்ற மென்பொருள் பேர் வாங்கியதில், காகிள் என்ற டேட்டா சயன்ஸ் போட்டித் தளத்தில் 2014இல் நடந்த ஹிக்ஸ் துகள் போட்டிக்கும் பங்கு உண்டு. ஆனால் என் ரெஸ்யூமைப் புரட்டுகிறவருக்கு அது எப்படித் தெரியும்?

எனக்கு முன்பே வெளியே போன சீனியர் ஒருவர் அதைப் படித்துவிட்டு, "கண்டுபிடிச்சது இருக்கட்டும்ப்பா, என்ன வேலை செஞ்சேன்னு எழுது" என்றார். சரி என்று கட்டுரைத் தலைப்புகளை ஒரே வரியில் அடக்கிவிட்டு, அரிதான நிகழ்வுகளைப் பிரித்தது, சென்சார் பிழைகளைத் திருத்தியது, சிமுலேஷனை நிஜ அளவீட்டோடு ஒப்பிட்டது என்று எழுதினேன். அப்புறம்தான் இன்டர்வியூக்கள் வந்தன.

முதல் இன்டர்வியூவில் கவிழ்த்தது டேட்டாபேஸ் மொழியான எஸ்க்யூஎல். இரண்டு டேபிள்களை இணைத்து, ஜோடி இல்லாவிட்டாலும் இடது பக்க வரிசைகளை வைத்துக்கொள்ளும் லெஃப்ட் ஜாயின் போட்டுவிட்டு, வலது பக்க டேபிளுக்கான நிபந்தனையை, வரிசைகளை வடிகட்டும் WHERE பகுதியில் எழுதினேன். ஜோடி கிடைக்காத வரிசைகள் எல்லாம் காணாமல் போயின. ஏன் என்று கேட்டார்கள், விழித்தேன். குவாண்டம் புலக் கோட்பாடு படித்த திமிர் அன்றோடு கொஞ்சம் இறங்கியது. இரண்டு வாரம் உட்கார்ந்து எஸ்க்யூஎல்லையும், பைதானில் டேபிள்களைக் கையாளும் பாண்டாஸையும் ஒழுங்காகப் படித்தேன்.

வேலை கிடைத்த இடம் பம்ப்களின் அதிர்வைக் கண்காணிக்கும் ஒரு குழு. பேரிங் கெட்டுப்போவதை முன்கூட்டியே சொல்ல வேண்டும். அதிர்வுப் பதிவுகளைச் சிறு துண்டுகளாக வெட்டி, கலைத்து, ஒரு பகுதியில் மாடலைப் பழக்கி மறு பகுதியில் சோதித்தேன். மூன்றே வாரத்தில், கிட்டத்தட்ட எல்லாம் சரி என்ற அளவுக்கு முடிவு. குழுவில் எல்லோருக்கும் சந்தோஷம். எனக்கு மட்டும் வயிற்றைக் கலக்கியது. ஆய்வகத்தில் இவ்வளவு சுத்தமாக எதுவும் வந்ததில்லை. வந்தால், முதலில் சந்தேகப்படுவது கருவியைத்தான்.

ஒரு தப்பு உடனே தெரிந்தது. ஒரே பம்பின் துண்டுகள் பழகும் பக்கமும் சோதிக்கும் பக்கமும் கிடந்தன. மாடல் பம்பை அடையாளம் கண்டதே தவிர, கோளாறை அல்ல. பம்ப்வாரியாகப் பிரித்ததும் முடிவு இறங்கியது, ஆனாலும் நம்ப முடியாத அளவுக்கு நன்றாகவே இருந்தது. அலைவரிசைப் படங்களை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தேன். கெட்ட பம்ப்களின் பதிவில் உயர் அதிர்வெண் பகுதி ஒரே மாதிரி வளைந்திருந்தது. பராமரிப்பு டெக்னீஷியன் ஒருவரிடம் காட்டினேன். அவர் சர்வசாதாரணமாக, "சந்தேகம் வந்தா நாங்க கைக்கருவிய காந்தத்துல ஒட்டி அளப்போம் சார், மத்ததுல எல்லாம் திருகி மாட்டின சென்சார்" என்றார். காந்தத்தில் ஒட்டினால் உயர் அதிர்வெண்ணில் சென்சாரின் நடத்தை மாறிவிடும். ஆக, என் மாடல் கற்றுக்கொண்டது காந்தத்தை!

எல்லாவற்றையும் கலைத்துவிட்டு இயற்பியலிலிருந்து தொடங்கினேன். பேரிங்கில் இரண்டு வளையங்களுக்கு நடுவே குண்டுகள் உருளும். வெளிவளையத்தில் ஒரு குழி விழுந்தால், குண்டு அதைக் கடக்கும் ஒவ்வொரு முறையும் ஒரு சிறு தட்டு. 9 குண்டுகள், நொடிக்கு 25 சுற்று என்றால் தோராயமாக 90 ஹெர்ட்ஸ். உள்வளையத்துக்குச் சுமார் 135. அந்தத் தட்டுகளின் உறையை (அதிர்வின் உச்சிகளைத் தொட்டுச் செல்லும் வெளிக்கோட்டை) பிரித்தெடுத்து, இந்த அதிர்வெண்களில் எவ்வளவு ஆற்றல் இருக்கிறது என்று பார்த்து, அந்த ஒரு சில எண்களை மட்டும் மாடலுக்குக் கொடுத்தேன். முடிவு முன்பு போல ஜொலிக்கவில்லை, ஆனால் புதிய பம்ப்களிலும் நின்றது.

அடுத்த தகராறு என் பிடிவாதத்தால். துகள் இயற்பியலில் கண்டுபிடிப்பு என்று சொல்ல 5 சிக்மா, அதாவது ஐந்து திட்டவிலக்க அளவு உறுதி வேண்டும். வெறும் தற்செயலாக அப்படி வர வாய்ப்பு 35 லட்சத்தில் ஒன்று. அதே மனதோடு எச்சரிக்கை வரம்பை உயர்த்தி வைத்திருந்தேன். பராமரிப்புப் பொறுப்பாளர் கேட்டது ஒன்றுதான்: மாதத்துக்கு எத்தனை தடவை வீணாகப் பம்பைத் திறக்க வேண்டியிருக்கும்? ஒருமுறை வீணாகத் திறப்பதன் செலவையும், கோளாறைத் தவறவிட்டுப் பம்ப் நின்றால் ஆகும் செலவையும் அவரோடு உட்கார்ந்து எழுதினோம். வரம்பு வெகுவாகக் கீழே வந்தது. இதை எந்த வகுப்பிலும் எனக்குச் சொல்லித்தரவில்லை.

என்னோடு படித்த ஒருவர் எம்ஆர்ஐ படங்களை மீட்டுருவாக்குகிறார். அங்கேயும் அலையை அதிர்வெண்களாகப் பிரிக்கும் அதே ஃபூரியர் கணக்குதான். இன்னொருவர் காப்பீட்டில் மான்டி கார்லோ, அதாவது தற்செயல் எண்களைக் கொண்டு பலமுறை ஓட்டும் சிமுலேஷன், ஓட்டுகிறார். இருவரும் புலம்புவது ஒரே விஷயம்: யார், எப்போது, எந்தக் கருவியால் அளந்தார்கள் என்ற குறிப்பே டேட்டாவில் இருக்காது.

எங்கள் பதிவுகளில் இப்போது சென்சார் பொருத்திய விதத்துக்கு டேபிளில் ஒரு தனி நெடுவரிசை உண்டு. உள்வளையக் கோளாறுதான் இன்னும் படுத்துகிறது. அந்த வளையம் சுழன்றுகொண்டே இருக்கிறது. அதன் தட்டு குண்டுகளையும் வெளிவளையத்தையும் தாண்டி சென்சாருக்கு வருவதற்குள் மங்கிப்போகிறது. போன மாதம்கூட ஒன்றைத் தவறவிட்டோம்.