பெட்ரோல் பிரஷர் வாஷர்: சோக்கில் மட்டும் ஓடிய எஞ்சின், விட்டு விட்டு வந்த தண்ணீர்

ரொட்டவேட்டரும் டிரெய்லரும் கழுவ தோட்டத்தில் வைத்திருக்கும் பெட்ரோல் பிரஷர் வாஷர் மழைக்காலம் முழுக்க சும்மாவே கிடந்தது. இப்போது எடுத்து ஸ்டார்ட் செய்தால் சோக் (காற்றைக் குறைத்துப் பெட்ரோல் பங்கைக் கூட்டும் லீவர்) போட்டிருக்கும் வரை ஓடுகிறது, எடுத்ததும் ஏறி இறங்கி உறுமிவிட்டு அணைந்துவிடுகிறது. சோக்கில் மட்டும் ஓடினால் எஞ்சினுக்குப் பெட்ரோல் பத்தவில்லை என்று அர்த்தம், முதல் சந்தேகம் கார்புரேட்டர் ஜெட்தான், அதாவது பெட்ரோல் அளவாகப் போகும் மெல்லிய ஓட்டை உள்ள சின்னப் பித்தளைத் துண்டு.

பெட்ரோல் டேப்பை மூடிவிட்டு கார்புரேட்டர் அடிக்கிண்ணத்தைக் கழற்றினேன். அடியில் மஞ்சளாகப் பிசின் படிந்திருந்தது, அதன்மேல் தண்ணீர் முத்து முத்தாக உருண்டது. இப்போது பங்கில் போடுவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல், எத்தனால் ஈரத்தை இழுக்கும், மாதக்கணக்கில் டேங்கில் விட்டால் இப்படித்தான் ஆகும். மெயின் ஜெட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் ஓட்டையே தெரியவில்லை. பழைய ஒயரிலிருந்து ஒரே ஒரு செம்புக் கம்பியை உருவி மெதுவாக விட்டு, கார்புரேட்டர் கிளீனர் அடித்தேன். இரும்பு ஊசி வேண்டாம், பித்தளை ஜெட்டின் ஓட்டை பெரிதாகிவிடும். பழைய பெட்ரோலை வடித்துப் புதிதாக ஊற்றியதும் சோக் இல்லாமலே சீராக ஓடியது.

அடுத்தது பிரஷர். தண்ணீர் விட்டு விட்டு அடித்தது. டவுனில் மெக்கானிக்கிடம் கேட்டால் பார்க்காமலே பம்ப் போச்சு என்கிறார். இதை மட்டும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன், பம்புக்குள் தண்ணீர் ஒழுங்காகப் போகிறதா என்று பார்க்காமல் பம்பைப் பிரிக்கவே கூடாது. பம்ப் வாயில் இருக்கும் சல்லடையைக் கழற்றியதும் போர் தண்ணீர் மணல் கொட்டியது. அதைக் கழுவிப் போட்டும் துடிப்பு நிற்கவில்லை. தொட்டியிலிருந்து வரும் ஹோஸ் கண்ணாடி மாதிரி தெரிகிற வகை என்பதால் காரணம் கண்ணிலேயே பட்டது: கிளிப் இருக்கும் இடத்திலிருந்து சின்னச் சின்னக் குமிழி வரிசையாக ஓடிக்கொண்டிருந்தது. காற்று இழுக்கிறது! அரை இஞ்ச் ஹோஸை எடுத்துவிட்டு முக்கால் இஞ்ச் போட்டு, கிளிப்பும் மாற்றி, எஞ்சினைப் போடும் முன்பே கன் டிரிகரை அழுத்திப் பிடித்துக் காற்று முழுக்க வெளியேறும் வரை விட்டேன். அவ்வளவுதான், பச்சை நாசிலில் (கன் முனையில் மாட்டும், நிறம் வைத்து அடையாளம் காணும் முனைகளில் ஒன்று) டயர் பட்டைகளுக்குள் இருந்த களிமண் பாளம் பாளமாக உதிர்ந்தது.

எஞ்சின் ஸ்டார்ட் செய்யும் கயிறு இழுக்க முடியாமல் இறுகினாலும் இதே டிரிகரை அழுத்துங்கள், பம்புக்குள் நிற்கும் பிரஷர் இறங்கினால் கயிறு லேசாகிவிடும். கன்னை மூடிவிட்டு எஞ்சினை ஓடவிட்டபடி போன் பேசப் போகாதீர்கள், உள்ளே அதே தண்ணீர் சுற்றிச் சுற்றிச் சூடாகி சீல் போய்விடும். ஹோஸில் கசிவு இருக்கிறதா என்று மட்டும் கையால் தடவிப் பார்க்கவே வேண்டாம், அந்த பிரஷரில் தண்ணீர் தோலைத் துளைத்து உள்ளே போகும்.

சோப்புத் தண்ணீர் மட்டும் இன்னும் இழுக்கவில்லை. கருப்பு நாசில் போட்டால்தான் இழுக்கும், போட்டும் வரவில்லை, சோப்பை இழுத்துக் கலக்கும் இன்ஜெக்டருக்குள் இருக்கும் சின்னக் குண்டு, சோப்பு காய்ந்ததில் ஒட்டியிருக்க வேண்டும். வெந்நீரில் ஊறப் போட்டிருக்கிறேன்.