மேடை விளிம்பில் அமர்ந்து பாடியவர்

அமெரிக்கப் பாடகியும் திரைப்பட நடிகையுமான ஜூடி கார்லண்ட் 1961 ஏப்ரல் 23 அன்று நியூயார்க்கின் கார்னகி அரங்கில் பாடிய கச்சேரிப் பதிவை இரவு நேரங்களில் அடிக்கடி கேட்கிறேன். பாட்டுக்கு இணையாக அதிலுள்ள கைதட்டலையும் காது கொடுத்துக் கேட்பதுண்டு. ஒரு பாட்டின் நடுவே வரி மறந்துபோய், வாய்க்கு வந்த சொற்களை இட்டு நிரப்பி அவர் கடந்து செல்லும்போது, கூட்டம் முகம் சுளிக்காமல் அவரோடு இன்னும் ஒன்றிப்போகிறது. அவருடைய கச்சேரிகளுக்குத் தன்பாலீர்ப்பு கொண்ட ஆண்கள் திரளாக வந்தார்கள் என்பது அக்காலத்திலேயே பலரும் அறிந்த செய்தி.

அதை எழுதியவர்கள் எழுதிய விதம் எனக்கு வருத்தம் தருகிறது. அந்த ரசிகர்கள் தலைமயிரைப் பிய்த்துக்கொள்வதாக 1967-இல் வர்ணித்த டைம் இதழ், காரணம் கேட்டுப் போனது மனநல மருத்துவர்களிடம். துன்பப்பட்டவளிடம் துன்பப்படுபவர்கள் தங்களைக் காண்கிறார்கள் என்ற விளக்கம் இன்றும் உலவுகிறது. ரசிகர்களையே கேட்டவர் பிரிட்டிஷ் ஆய்வாளர் ரிச்சர்ட் டயர். தன்பாலீர்ப்பாளர் இதழ்களின் வழியே கடிதங்கள் வேண்டிப் பெற்று, 1986-இல் வந்த தம் நூலில் அவற்றைப் பயன்படுத்தினார். 1950-இல் எம்.ஜி.எம். என்ற ஹாலிவுட் பட நிறுவனத்தோடு உறவு முறிந்தபின், திரையில் பக்கத்து வீட்டுப் பெண்ணாகவே காட்டப்பட்டு வந்த கார்லண்ட் அப்படிப்பட்டவர் அல்லர் என்பது வெளிப்பட்டது. ஊராரைப் போலவே வளர்க்கப்பட்டு, தாம் வேறு என்று தனியே உணர்ந்த ஆண்களுக்கு அந்தத் திருப்பம் தம் கதையாகவே பட்டது என்கிறார் டயர். விழுந்தவர் மீண்டும் மீண்டும் எழுந்துவந்து பாடியதையும் அவர்கள் கண்டார்கள். மருத்துவர்களின் விளக்கம் அதற்குரிய இடத்தைத் தரவில்லை.

1951-இல் நியூயார்க்கின் பேலஸ் அரங்கில், கிழிந்த கோட்டும் கரி பூசிய முகமுமாக ஆண் நாடோடி வேடத்தில், மேடை விளிம்பில் கால்களைத் தொங்கவிட்டு அமர்ந்து, வானவில்லுக்கு அப்பாலுள்ள நாட்டைப் பற்றி அவர் பாடினார். அந்த வேடத்தில் அவர் ஆணாகவும் இல்லை, சினிமா காட்டிய அழகுப் பெண்ணாகவும் இல்லை. ஆண் என்றும் பெண் என்றும் தீர்த்துச் சொல்லவேண்டிய கட்டாயத்தை அந்தச் சில நிமிடங்கள் தளர்த்தின என்றே நான் நினைக்கிறேன். பெண்களை நேசித்த பெண் ரசிகர்களும் அங்கே இருந்திருப்பார்கள். அவர்களை யாரும் இந்த அளவுக்குக் கேட்டுப் பதிவு செய்யாதது பெரிய இழப்பு.

1969 ஜூன் 27 அன்று நியூயார்க்கில் அவருடைய இறுதிச் சடங்கு நடந்தது. 20,000-க்கும் மேற்பட்டோர் வரிசையில் நின்று அஞ்சலி செலுத்தியிருந்தார்கள். மறுநாள் விடியுமுன், அதே நகரில் தன்பாலீர்ப்பாளர்கள் கூடும் ஸ்டோன்வால் மதுக்கூடத்தில் காவல்துறை நுழைய, கலகம் வெடித்தது. அந்தத் துக்கமே கலகத்தை மூட்டியது என்ற கதையை வரலாற்றாளர்கள் பலர் ஏற்பதில்லை, நானும் ஏற்கவில்லை. தெருவில் படுத்துறங்கிய இளைஞர்களும் பெண் உடை அணிந்தவர்களும் ஆண்டுக்கணக்காகப் பட்ட அடியே அவர்கள் திருப்பி அடிக்கப் போதுமான காரணம்.

கார்னகி பதிவின் கடைசிப் பகுதியில், இருக்கைகளிலிருந்து ஆண் குரல்கள் பாட்டுகளின் பெயர்களைக் கூவுகின்றன. எல்லாவற்றையும் பாடுகிறேன், விடியும்வரை இங்கேயே இருப்போம் என்கிறார் அவர்.