மறுமணத்துக்குப் பின் பிள்ளையைத் தத்தெடுக்க: எந்தக் காகிதம் முதலில்?

மறுமணம் முடிந்த கையோடு பள்ளிக்குப் போய், "அப்பா பேரை மாத்திக் கொடுங்க" என்று நிற்பவர்கள் அதிகம். சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. அம்மா மறுமணம் செய்துகொண்டதால் பிள்ளையின் சட்டப்படியான தந்தை மாறிவிடுவதில்லை. இந்து வாரிசுரிமைச் சட்டத்தில் மகன், மகள் என்றால் பெற்ற பிள்ளை, இல்லை தத்துப்பிள்ளை. மனைவியின் முதல் மணத்துப் பிள்ளைக்கு, பத்து வருஷம் ஃபீஸ் கட்டி வளர்த்தவர் சொத்தில் தானாகப் பங்கு வராது. சித்தி வளர்த்த பிள்ளைக்கும் இதே கதிதான்: அவருடைய பிள்ளை என்ற முறையில் வாரிசாக முடியாது என்று உச்ச நீதிமன்றம் 1987லேயே சொல்லிவிட்டது.

இந்த உரிமை வர, வளர்ப்பவர் பிள்ளையைச் சட்டப்படி தத்தெடுக்க வேண்டும். அதற்கு இரண்டு வழி உண்டு. முதலாவது 1956ஆம் ஆண்டின் இந்து தத்தெடுப்புச் சட்டப்படி, சார்பதிவாளர் அலுவலகத்தில் தத்துப் பத்திரம் பதிவது. சுலபம்போலத் தெரியும், ஆனால் கட்டுப்பாடுகள் கால் இடறும். பொதுவாகப் பிள்ளைக்கு 15 வயது முடிந்திருக்கக் கூடாது. தத்தெடுப்பவர் ஆணாகவும் பிள்ளை பெண்ணாகவும் இருந்தால் இருவருக்கும் 21 வயது இடைவெளி வேண்டும். 30 வயதுக்காரர் 10 வயது மகளை எடுக்க முடியாது, ஒரு வயது குறைகிறது. அவருக்கு ஏற்கெனவே மகள் இருந்தாலும் இன்னொரு மகளைத் தத்தெடுக்க முடியாது.

இரண்டாவது, இளைஞர் நீதிச் சட்டம், 2015. எந்த மதத்தவரும் போகலாம் என்பதால் நாங்கள் பெரும்பாலும் இதையே சொல்வோம். இந்தச் சட்டத்தில் மற்றத் தத்துக்கு இருக்கும் பெற்றோர் வயது வரம்பும், இரண்டு வருஷ மணவாழ்க்கை விதியும் துணையின் பிள்ளையைத் தத்தெடுப்பவருக்குக் கிடையாது. தம்பதி, மத்திய அரசின் தத்தெடுப்பு அமைப்பான காராவின் (CARA) இணையதளத்தில் பதிவு செய்து, மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு வழியாக மாவட்ட ஆட்சியருக்கு விண்ணப்பிக்க வேண்டும். 2022 செப்டம்பர் 1 முதல் உத்தரவு போடுவது ஆட்சியர்தான்; நீதிமன்றம் இல்லை. இரண்டு மாதத்தில் முடிக்கச் சட்டம் சொல்கிறது. காகிதத்தில் குறை இருந்தால் அது இழுக்கும்.

இழுப்பது பெரும்பாலும் ஒரே காகிதம்: பெற்ற தந்தையின் சம்மதம். அவர் இறந்திருந்தால் இறப்புச் சான்றிதழ் போதும். விவாகரத்து என்றால், "தீர்ப்பில் குழந்தை எங்கிட்டதானே இருக்கு" என்பார்கள். அது குழந்தையை வைத்திருக்கும் உரிமை மட்டுமே. தந்தை என்ற உறவை அது அறுக்காது. வெள்ளைத்தாளில் 'ஆட்சேபணை இல்லை' என்று வாங்கி வருவதும் பயன்படாது, விதிமுறையில் உள்ள சம்மதப் படிவத்திலேயே கையெழுத்து வேண்டும். குழந்தை யாரிடம் இருக்க வேண்டும் என்ற வழக்கு நிலுவையில் இருந்தால், அது முடியும்வரை தத்து வேலையைத் தொடங்கவே முடியாது.

கையெழுத்து வாங்கும் முன் அம்மாக்கள் ஒரு கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். தத்து முடிந்ததும் பெற்ற தந்தையின் பக்கம் சட்ட உறவு அறுந்துவிடும். அவர் தரும் ஜீவனாம்சத்தில் பிள்ளைக்கான பங்கை இனிக் கேட்பது கடினம். தத்துக்கு முன் பிள்ளைக்கு வந்து சேர்ந்துவிட்ட சொத்து பிள்ளையிடமே இருக்கும். ஆனால் தந்தை இறந்து, தாத்தா உயிரோடு இருந்தால், பிறகு அவர் சொத்தில் பேரன் என்று பங்கு கேட்க முடியாது. தாத்தாவுக்கு மனமிருந்தால் உயில் எழுதச் சொல்லுங்கள். இதை மறைத்துக் கையெழுத்து வாங்கப் போய், பின்னால் அப்பா வீட்டாரோடு முகம் பார்க்க முடியாமல் போன குடும்பங்கள் உண்டு.

விசாரணை மூடிய அறையில் நடக்கும். பிள்ளையின் வயதுக்கும் அறிவுக்கும் ஏற்ப அதன் விருப்பத்தையும் கருத்தில் கொள்வார்கள். "அப்பான்னு சொல்லணும்" என்று பாடம் சொல்லிக் கூட்டிப் போகாதீர்கள். "இவரை எப்படிக் கூப்பிடுவ?" என்று கேட்டதும் பாடம் படித்த பிள்ளை முதலில் அம்மா முகத்தைத்தான் பார்க்கும். 'சித்தப்பா' என்றே சொல்லட்டும், அதில் தப்பில்லை. 'மாற்றாந்தந்தை' என்று எந்த வீட்டிலும் யாரும் யாரையும் கூப்பிடுவதில்லை.

உத்தரவு வந்ததும் முதலில் பிறப்புச் சான்றிதழ், அப்புறம் ஆதார், அப்புறம் பள்ளியின் எமிஸ் (மாணவர் விவர) பதிவு, கடைசியாகப் பாஸ்போர்ட். வரிசை மாறினால் ஒவ்வோர் அலுவலகமும் "முதல்ல அதை மாத்திட்டு வாங்க" என்று திருப்பி அனுப்பும். பத்தாம் வகுப்புப் பெயர்ப் பட்டியல் போவதற்குள் முடித்துவிடுங்கள். மதிப்பெண் சான்றிதழ் அச்சான பிறகு திருத்தம் பெரிய அலைச்சல்.

தந்தை இறந்து, தத்து வேண்டாம், பெயர் மட்டும் போதும் என்றால், பிள்ளையின் குடும்பப் பெயரை அம்மாவே தீர்மானிக்கலாம். உச்ச நீதிமன்றம் 2022 ஜூலையில் ஓர் ஆந்திர வழக்கில் இதை உறுதி செய்தது.

சம்மதமே கிடைக்காத வீடுகளுக்கு இருப்பது உயில்தான். நாமினி போட்டால் போதும் என்று நினைக்காதீர்கள், நாமினி பெரும்பாலும் பணத்தை வாங்கி வைப்பவர்தான், உரிமையாளர் இல்லை. உயிலில் பாசத்தோடு 'என் மகன்' என்று மட்டும் எழுதினால், பங்காளிகள் அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு 'எந்த மகன்?' என்பார்கள். 'என் மனைவியின் முதல் மணத்தில் பிறந்த மகன்' என்று பெயரும் பிறந்த தேதியுமாக எழுதுங்கள். எழுதக் கை கூசும். எழுதுங்கள்.