வராதவர் கணக்கு

காசநோய் மருந்து ஆய்வுகளில் களப்பணியாளராகச் சேர்ந்து, பின்னர் ஒருங்கிணைப்பாளராக, இருபது ஆண்டுகளுக்கு மேல் வேலை பார்த்துவிட்டேன். இந்த வேலையைப் பற்றி விசாரிப்பவர்கள் பெரும்பாலும் புதிய மருந்துகளைப் பற்றியே கேட்பார்கள். சிலர், நோயாளிகளை வைத்துச் சோதனை செய்கிறார்களோ என்ற அச்சத்தோடு கேட்பார்கள். என் நாள்களில் பெரும்பகுதி கதவு எண்ணைத் தேடுவதிலும், குடிமாறிப் போனவரின் பழைய வீட்டுக்காரரிடம் விவரம் கேட்பதிலும், நோயாளி வீட்டில் இருக்கும் நேரத்தைக் கணித்துப் பேருந்து ஏறுவதிலும்தான் கழிந்திருக்கிறது. இந்த அலைச்சல் ஆய்வின் ஓரத்தில் நடக்கும் எடுபிடி வேலை என்று தொடக்கத்தில் நானும் நினைத்திருந்தேன். பணியில் சேர்ந்த இரண்டாம் ஆண்டில் செய்த ஒரு தவறுதான் அந்த நினைப்பை மாற்றியது.

எங்கள் ஆய்வில் மருந்து ஆறு மாதத்தில் முடிந்துவிடும். அதன் பிறகும் நோய் திரும்புகிறதா என்று பார்ப்பதற்காக, ஒவ்வொருவரும் குறித்த மாதங்களில் வந்து எடை பார்த்துச் சளி கொடுக்க வேண்டும். இப்படி இரண்டு ஆண்டுகள். கோயம்பேடு சந்தையில் இரவு முழுவதும் மூட்டை தூக்கும் தொழிலாளி ஒருவர் ஒரு வேளையும் தவறாமல் மருந்தை முடித்திருந்தார். எடை கூடியிருந்தது, சளியில் கிருமி இல்லை. ஒன்பதாம் மாதம் அவர் வரவில்லை. அவர் கொடுத்திருந்தது தெருமுனைக் கடையின் தொலைபேசி எண். மூன்று நாள்கள் அழைத்தேன். மூன்று நாளும் யாரும் எடுக்கவில்லை. கோப்பில் அந்த மாதத்துக்கான கட்டத்தில் "தொடர்பு கிடைக்கவில்லை" என்று எழுதித் தேதியிட்டுச் சுருக்கொப்பமும் இட்டேன். வேலை முடிந்தது என்றே எண்ணினேன்.

வாராந்திரக் கூட்டத்தில் கோப்புகளைப் பார்த்துக்கொண்டு வந்த மூத்த மருத்துவர் அந்தக் கட்டத்தில் விரலை வைத்து நிறுத்தினார். "மூணு தடவை போன் பண்ணா தேடினதா ஆயிடுமாம்மா?" என்று கேட்டார். குரலில் கோபம் இல்லை. பென்சிலை எடுத்து, பழைய உறை ஒன்றின் பின்புறத்தில் ஒரு கணக்குப் போட்டுக் காட்டினார். ஒரு பிரிவில் 100 பேர் பழைய மருந்து சாப்பிடுகிறார்கள், 88 பேருக்குக் குணமாகிறது. இன்னொரு பிரிவில் 100 பேருக்குப் புதிய மருந்து. அது ஒத்துக்கொள்ளாமல் வாந்தியும் மஞ்சள்காமாலையும் வந்து 15 பேர் பாதியில் நின்றுவிடுகிறார்கள், மீதி 85 பேரில் 80 பேருக்குக் குணமாகிறது. நின்றுபோனவர்களைக் கணக்கிலிருந்து எடுத்துவிட்டால் புதிய மருந்து 94 விழுக்காடு குணப்படுத்துவதாகத் தெரியும். அவர்களையும் சேர்த்துக்கொண்டால் 80 விழுக்காடுதான். மருந்து ஒன்றே, நோயாளிகளும் அதே நூறு பேர்; ஆனால் வராதவர்களை விட்டுவிட்டால், மோசமான மருந்து நல்ல மருந்தாக ஊருக்குள் போய்விடும். யாருக்கு எந்தப் பிரிவு என்று குலுக்கல் முறையில் முடிவுசெய்து சீல் வைத்த உறையைப் பிரித்து ஒருவரை ஒரு பிரிவில் சேர்த்துவிட்டால், அவர் மருந்தைச் சாப்பிட்டாலும் நிறுத்தினாலும் இறுதிவரை அந்தப் பிரிவின் ஆள்தான் என்ற விதி எதற்காக இருக்கிறது என்பது எனக்கு அன்றுதான் விளங்கியது.

சென்னையில் வேலை பார்க்கும் எங்களுக்கு இதற்கு வெளியூர் எடுத்துக்காட்டு தேவையில்லை. 1956-இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும், அன்றைய சென்னை மாநில அரசும், உலக சுகாதார நிறுவனமும், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சேர்ந்து இங்கே காசநோய் மருந்துச் சிகிச்சை மையத்தைத் தொடங்கின. இன்று சேத்துப்பட்டில் இருக்கும் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனத்தின் தொடக்கம் அதுதான். அந்நாளில் காசநோய் என்றால் சானடோரியம் எனும் காசநோய் மருத்துவமனையில் படுக்கை, முழு ஓய்வு, சத்தான உணவு, நல்ல காற்று. தாம்பரத்தை அடுத்த ரயில் நிலையம் இன்றும் அந்தப் பெயரைச் சுமந்துகொண்டிருக்கிறது. நாட்டில் இருந்த நோயாளிகளோடு ஒப்பிட்டால் படுக்கைகளோ மிகச் சில. இடம் கிடைக்காதவர் வீட்டிலேயே மாத்திரை சாப்பிட்டால் குணமாவாரா என்ற கேள்விக்கு விடை காண, வாலஸ் ஃபாக்ஸ் என்ற பிரிட்டிஷ் மருத்துவரின் தலைமையில் ஒரு குழு நகரின் ஏழை நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கியது. ஒரு பிரிவுக்குச் சானடோரியம். இன்னொரு பிரிவுக்கு நெருக்கடியான, காற்றோட்டமற்ற, அரை வயிற்றுச் சாப்பாட்டுச் சொந்த வீடு. மருந்து இரண்டு பிரிவுக்கும் ஒன்றே: ஐசோநியாசிடும் பாஸ் மருந்தும், ஓராண்டுக்கு. 1959-இல் வெளியான முடிவில் குணமடைந்தோர் விகிதம் இரு பிரிவிலும் ஏறத்தாழச் சமமாக இருந்தது. வீட்டில் சிகிச்சை பெற்றவர்களின் குடும்பத்தாருக்கு அதனால் கூடுதலாக நோய் தொற்றவில்லை என்பதும் பின்னர் தெளிவாயிற்று. உலகம் முழுவதும் காசநோய்ச் சிகிச்சை வீட்டுக்கு இடம் மாற அது பெரும் காரணமாக அமைந்தது.

என்னை வியக்கவைப்பது அந்த முடிவைக் காட்டிலும் அதற்குப் பின்னாலிருந்த உழைப்பு. ஆய்வில் இருந்தவர்கள் இருநூறுக்கும் குறைவு; அந்த எண்ணிக்கையில் பலர் காணாமல் போயிருந்தால் முடிவை நம்புவது கடினமாகியிருக்கும். ஆகவே பணியாளர்கள் முன்னறிவிப்பின்றி வீடுகளுக்குப் போனார்கள், மீதமிருக்கும் மாத்திரைகளை எண்ணினார்கள், சிறுநீரைச் சோதித்து மருந்து உள்ளே போயிருக்கிறதா என்று பார்த்தார்கள், ஐந்து ஆண்டுகள் வரை அந்தக் குடும்பங்களைத் தொடர்ந்தார்கள். அந்தத் தெருக்களில் நடந்தவர்களின் பெயர் யாருக்கும் தெரியாது.

மருத்துவர் கேட்ட அந்தக் கூட்டத்துக்கு மறுநாளே, மூட்டை தூக்குபவரின் வீடு இருந்த புளியந்தோப்புக்குக் கிளம்பினேன். இத்தகைய வருகைக்குச் சில ஒழுங்குகள் உண்டு. கழுத்தில் அடையாள அட்டை தொங்கக் கூடாது. வண்டியில் போனால் தெருமுனையிலேயே இறங்கிவிட வேண்டும். நோயின் பெயர் வாயில் வரவே கூடாது. குழாயடியில் நின்ற பெண்கள் யார், என்ன என்று கேட்டபோது "தெரிஞ்சவங்க வீடு, பார்த்துட்டுப் போகலாம்னு வந்தேன்" என்று மட்டும் சொன்னேன். அவருடைய அம்மா கதவைத் திறந்து உள்ளே உட்காரவைத்தார். ஒரே அறை. மின்விசிறிக்குக் கீழே பாயில் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு அவர் தூங்கிக்கொண்டிருந்தார். அப்போது மணி பதினொன்று. விழித்தவர் என்னைப் பார்த்துப் பதறி எழுந்து சட்டையைத் தேடினார்.

"மாத்திரைதான் முடிஞ்சுபோச்சே அக்கா, உடம்பும் நல்லா இருக்கு. அப்புறம் எதுக்கு வரணும்? ஆஸ்பத்திரிக்கு வந்தா அன்னிக்குத் தூக்கம் போச்சு. ராத்திரி எப்படி மூட்டை தூக்கறது?"

என்னிடம் பதில் இல்லை. எங்கள் வெளிநோயாளர் பிரிவு காலை ஒன்பது மணிக்குத் திறந்து நான்கு மணிக்கு மூடும். அவருக்கு அது நள்ளிரவு. ஒப்புதல் படிவத்தின் ஐந்தாம் பக்கத்தில் இரண்டு ஆண்டு வருகை பற்றிய வரி இருந்தது. நான்தான் அதை அவருக்குப் படித்துக் காட்டியவள். ஆனால் உடம்பு தேறிய பிறகும் வரவேண்டியது ஏன் என்று எடுத்துச் சொல்லவில்லை. அன்று சொன்னேன். உங்களுக்கு நோய் திரும்பவில்லை என்று நாங்கள் எழுத முடிந்தால்தான் இந்த மருந்தை இன்னொருவருக்கு நம்பிக் கொடுக்க முடியும், திரும்பினால் இருமல் முற்றும் முன்பே உங்களுக்கு மருத்துவம் பார்க்க முடியும் என்றேன். அவர் கொஞ்ச நேரம் யோசித்து, சந்தையிலிருந்து திரும்பும் வழியில் காலை ஆறரைக்கு வந்தால் யாராவது இருப்பார்களா என்று கேட்டார். நான் இருப்பதாகச் சொன்னேன்.

அதன் பிறகு ஒப்புதல் பேச்சை நான் நடத்தும் விதமே மாறியது. ரிஃபாம்பிசின் என்ற காசநோய் மருந்தைச் சாப்பிட்டால் சிறுநீர் செம்மஞ்சளாகப் போகும் என்பதை இப்போது முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அது தீங்கற்ற நிறமாற்றம். முன்பே தெரியாதவர்களோ இரத்தம் போகிறது என்று பயந்து, இரண்டாம் நாளே மாத்திரையை நிறுத்திவிடுவார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவரிடம் ஆய்வோடு சம்பந்தமில்லாத ஒரு சாட்சியை வைத்துக்கொண்டுதான் கைநாட்டு வாங்க வேண்டும் என்பது விதி. அந்தச் சாட்சிக்கும் விஷயம் புரிகிறதா என்று கேட்டுக்கொள்வேன். சாட்சி தலையாட்டிவிட்டு நோயாளி விழித்துக்கொண்டிருந்தால் மீண்டும் முதலிலிருந்து தொடங்குவேன். இதற்கு ஒரு மணி நேரம் ஆனாலும் அது வீண் இல்லை என்பது என் உறுதியான எண்ணம்.

தேடிப் போவதற்கும் ஓர் எல்லை உண்டு. எந்த நேரத்திலும், காரணம் சொல்லாமலே விலகிக்கொள்ளும் உரிமை நோயாளிக்கு இருக்கிறது. திருமணமாகி ஆறு மாதமே ஆன பெண் ஒருத்தி, வாசலிலேயே என் கையைப் பிடித்து, "இனிமே வராதீங்க அக்கா, மாமியாருக்குத் தெரிஞ்சா என்னை அம்மா வீட்டுக்கு அனுப்பிடுவாங்க" என்று மெல்லிய குரலில் சொன்னாள். மருந்தை அரசு மருத்துவமனையில் தொடர்ந்து வாங்கிக்கொள்ள ஏற்பாடு செய்துவிட்டு, கோப்பில் "தாமே விலகிக்கொண்டார்" என்று எழுதினோம். அந்தத் தெருவுக்கு நான் மறுபடி போகவில்லை. வராதவர், விலகியவர் என்ற இரண்டு சொற்களையும் ஒரே கட்டத்தில் எழுதுகிற ஆய்வுகளைப் பார்த்தால் எனக்கு இன்றும் மனம் ஒப்புவதில்லை.

பணியிடத்தில் அண்மைக்காலத்தில் நாங்கள் அதிகம் பேசிய ஆய்வு, ஜார்க்கண்டில் 2019 முதல் 2022 வரை நடந்து 2023-இல் முடிவு வெளியான சத்துணவு ஆய்வு. 2,800 காசநோயாளிகளின் வீடுகளில் இருந்த 10,345 பேரைத் தொடர்ந்து பார்த்து, வீட்டாருக்கு மாதந்தோறும் உணவுப்பொருள் கொடுத்தால் அவர்களுக்குப் புதிதாக நோய் வருவது 39 விழுக்காடு குறைகிறது என்று அது காட்டியது. சென்னை ஆய்வில் நல்ல சாப்பாடு இல்லாமலும் மருந்து வேலை செய்தது. இங்கே சாப்பாடு வீட்டாரை நோயிலிருந்து காத்தது. இரண்டும் முரணல்ல, வெவ்வேறு கேள்விகளின் விடைகள். அதைப் படித்தபோது என் மனம் நின்றது அந்தப் பத்தாயிரம் பேரிடம்தான். பெருந்தொற்றுக் காலத்தில், ஊரடங்குக்கு நடுவே, வீடு வீடாகப் போய் யாருக்கு இருமல் என்று கேட்டவர்களின் கால்வலி எனக்குத் தெரியும்.

மூட்டை தூக்குபவர் சொன்னபடியே அடுத்த புதன்கிழமை விடியலில் வந்தார். தோளில் வெங்காயத்தாள் ஒட்டியிருந்தது. மரத்தடியில், திறந்தவெளியில் நின்று ஆழ இருமிச் சளியைக் குப்பியில் துப்பி, மூடியை இறுக்கி மூடி என்னிடம் நீட்டினார். அதன் பிறகு புதன்கிழமைகளில் நாங்கள் ஆறரைக்கே கதவைத் திறந்தோம். இரவுவேலைக்காரர்கள் நால்வர் வர ஆரம்பித்தார்கள். சளியில் கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் கல்ச்சர் சோதனையின் முடிவு வர எட்டு வாரம் ஆனது: கிருமி வளரவில்லை. கோப்பைத் திறந்து, எங்கள் விதிப்படி, பழைய எழுத்து படிக்கும்படி தெரியுமாறு "தொடர்பு கிடைக்கவில்லை" என்பதன் மேல் ஒரே ஒரு கோடு இழுத்து, பக்கத்தில் "தாமதமாக வந்தார்" என்று எழுதி, அன்றைய தேதியையும் என் சுருக்கொப்பத்தையும் இட்டேன்.