முதல் இலக்கத்தை விழுங்கிய சிவப்பு

ஐபிஎம்மின் ஏஎஸ்/400 கணினியில் பச்சைத் திரை (எழுத்து மட்டும் காட்டும் திரை) என்றால் பொதுவாக 24 வரி, வரிக்கு 80 எழுத்து. மொத்தம் 1920 கட்டம். நிறக் குறியீட்டுக்கும் அதில் ஒரு கட்டம் போய்விடும். திரை அமைப்பை முன்கூட்டியே விவரித்து வைக்கும் டிடிஎஸ்ஸை விட்டு, நிரலிலிருந்தே திரையை வரைய உதவும் டைனமிக் ஸ்கிரீன் மேனேஜர் வழியாகத் திரையை நானே எழுதத் தொடங்கிய அன்று இது எனக்கு உறைக்கவில்லை. தொகை தொடங்கும் கட்டத்திலேயே சிவப்புக்கான குறியீடான ஹெக்ஸ் 28-ஐ வைத்தேன். சிவப்பு வந்தது, முதல் இலக்கம் போனது. முடிவில் பச்சைக்குத் திருப்பும் ஹெக்ஸ் 20 வைக்க மறந்ததால் அப்புறம் வந்ததெல்லாம் சிவப்பு!

சரி, அது கண்ணுக்குத் தெரிந்த தப்பு. தெரியாத தப்பு டேட்டாபேஸில் இருந்தது. ஆர்பிஜி என்ற நிரல் மொழியில், அப்டேட்டுக்குத் திறந்த கோப்பில் செயின் (ஒரு பதிவைத் தேடிப் படிக்கும் கட்டளை) போட்டால் அந்தப் பதிவு மற்றவர் மாற்ற முடியாதபடி பூட்டிக்கொள்ளும். ஒருவர் பதிவைத் திரையில் வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார். அதே பதிவைக் கேட்ட அடுத்தவரின் நிரல் 60 விநாடி காத்திருந்துவிட்டு (இயல்பாக இருக்கும் அளவு அதுதான்) பிழையோடு விழுந்தது. திட்டு வாங்கியது மெஷின், தப்பு என்னுடையது.

இப்போதெல்லாம் காட்டுவதற்கு மட்டும் என்றால் செயின்(என்) போட்டுப் பூட்டாமல் படிக்கிறேன். என்டர் தட்டிய பிறகுதான் பூட்டி, மறுபடி படித்து, முன்பு பார்த்த மதிப்புகளோடு ஒப்பிடுகிறேன். இடையில் யாராவது மாற்றியிருந்தால் திரையிலேயே சொல்லிவிடுகிறேன். கூடுதலாகப் பத்து வரி நிரல்தான், சோம்பலில் விட்டிருந்தேன்.