இரண்டு மனு, இரண்டும் பைசல்

அப்பா பெயரில் இருந்த வீட்டுமனைப் பட்டாவை அம்மா, அக்கா, நான், தம்பி நால்வர் பெயரிலும் கூட்டுப் பட்டாவாக மாற்ற வேண்டும். நிலத்தை அளந்து பிரிக்க வேண்டியதில்லை. உட்பிரிவு இல்லாத பட்டா மாறுதல்தான், எளிதாக முடிந்துவிடும் என்றார்கள்.

தொடக்கம் எளிதாகத்தான் இருந்தது. இறப்புச் சான்றிதழைப் பணம் கட்டாமல் இணையத்திலேயே கியூஆர் குறியீட்டோடு இறக்கிக்கொள்ள முடிந்தது. வாரிசுச் சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் 60 ரூபாய். கிராம நிர்வாக அலுவலர் விசாரித்தார், வருவாய் ஆய்வாளர் பார்த்தார், வட்டாட்சியரின் டிஜிட்டல் கையொப்பத்தோடு சான்றிதழ் வந்துவிட்டது. மனு யாரிடம் இருக்கிறது என்பதைப் போனிலேயே பார்க்க முடிந்தது பெரிய நிம்மதி. அலுவலக வாசலில் காத்திருந்து "சார் இருக்காரா?" என்று கேட்டுப் பழகிய தலைமுறைக்கு இதன் அருமை புரியும்.

பட்டா மனுவில்தான் சிக்கியது. சில வாரங்கள் அசையாமல் கிடந்து, பிறகு ஒரு வரியில் நிராகரிப்பு: "ஆவணங்கள் போதுமானதாக இல்லை." எந்த ஆவணம்? அதைச் சொல்லவில்லை. கிராம நிர்வாக அலுவலரைக் கேட்டால், "நான் பரிந்துரை செஞ்சு அனுப்பிட்டேன், மேலே கேளுங்க." மேலே கேட்டால், "புதுசா மனு போடுங்க."

புதிதாகப் போட்டால் புது எண், புதுக் கட்டணம், நாள் கணக்கும் முதலிலிருந்து. பழைய மனு அலுவலகக் கணக்கில் பைசல் ஆகிவிடும். எத்தனை மனு நிலுவை என்று மேலதிகாரி கேட்டால் எங்கள் மனு அதில் வராது. கிணறு வெட்டாமலே ரசீது போட்ட கதைதான். அதிகாரிகள் சோம்பேறிகள் என்று எளிதாகத் திட்டிவிடலாம், எனக்கு அப்படித் தோன்றவில்லை. நிலுவையைக் குறைக்கச் சொல்லி அழுத்தம் வரும்போது, நிராகரிப்பதுதான் வேகமாக முடிகிற வேலை.

எதைத் திருத்துவது என்று தெரியாமல் மறுபடி மனு போட எனக்கு மனமில்லை. தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005இன்படி அந்த அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதினேன். பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை, பதிவுத் தபால், அவ்வளவுதான் செலவு. "ஏன் நிராகரித்தீர்கள்?" என்று கேட்கவில்லை. அப்படிக் கேட்டால் பதிவேட்டில் இல்லாத காரணத்தை உருவாக்கித் தர வேண்டியதில்லை என்று பதில் வரலாம். மனு எண்ணைக் குறிப்பிட்டு, அதன் மீது எழுதப்பட்ட குறிப்புகளின் நகல், ஒவ்வொரு மேசைக்கும் அது வந்த தேதி, போன தேதி ஆகியவற்றைக் கேட்டேன். 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். தராவிட்டால் முதல் மேல்முறையீடு செய்யலாம்.

கெடு முடியும் தறுவாயில் பதில் வந்தது. கிராம நிர்வாக அலுவலர் சொன்னது உண்மை, சீக்கிரமே பரிந்துரைத்திருக்கிறார். மனு தங்கியது அடுத்த மேசையில். காரணம் என்ன தெரியுமா? பட்டாவில் அப்பாவின் பெயருக்கு முன் இனிஷியல் இல்லை, வாரிசுச் சான்றிதழில் இருக்கிறது! இருவரும் ஒரே ஆள்தானா என்ற சந்தேகம். நியாயமான சந்தேகம்தான். அதை அந்த ஒரு வரியில் எழுதியிருக்கலாமே.

கிரயப் பத்திரத்தில் அப்பா பெயரோடு தாத்தா பெயரும் முழுதாக இருந்தது. அதை இணைத்து, தகவல் சட்டத்தில் வந்த பதிலின் நகலையும் சேர்த்து மறுபடி விண்ணப்பித்தேன். இந்த முறை தடையில்லை.

அரசுச் சேவையைக் குறித்த நாளுக்குள் தர வேண்டும் என்று சொல்லும் சேவை உத்தரவாதச் சட்டத்தை மத்தியப் பிரதேசம் 2010இலேயே கொண்டுவந்தது. மறுத்தால் காரணத்தை எழுத்தில் தர வேண்டும், தாமதித்தால் அதிகாரிக்கு நாளொன்றுக்கு 250 ரூபாய் வீதம் 5000 வரை அபராதம். நான் விண்ணப்பித்தபோது தமிழ்நாட்டில் அப்படி ஒரு சட்டம் இல்லை. அபராதம்கூட இரண்டாம் பட்சம், அந்தக் காரணம் எழுதும் விதி வந்தாலே எங்களைப் போன்றவர்களின் பாதி அலைச்சல் குறையும். இன்னொன்றும் வேண்டும்: ஒரே சொத்துக்கு மறுபடி மனு வந்தால், முதல் மனு போட்ட தேதியிலிருந்தே நாளைக் கணக்கிட வேண்டும்.