மூன்றாவது தகடு வெடிக்கவில்லை

செப்புத் தகட்டை அடித்துக் கிண்ணம் செய்யப் பார்க்கிறேன்; இது மூன்றாவது தகடு. நேற்றுப் பொழுதுபட்ட பிறகு, ஏழாவது தடவையாகக் காய்ச்சிய, அதாவது இளகுவதற்காக நெருப்பில் சூடேற்றிய, தகட்டைத் தண்ணீரில் போட்டு எடுத்துத் துடைத்து, விளிம்பைச் சுற்றி நகத்தால் தடவிப் பார்த்தேன். கீறல் ஒன்றும் தட்டுப்படவில்லை. டோர்ச் அடித்துப் பார்த்தேன். அப்போதும் இல்லை. அம்மம்மாவிடம் கொண்டுபோய்க் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திருப்பித் திருப்பிப் பார்த்தவர், "இது கிண்ணமோ மோனே, காம்பு கழண்ட அகப்பையோ?" என்று கேட்டார். வடிவம் அந்த அளவில்தான் இருக்கிறது. ஆனால் வெடிக்கவில்லை. கார்த்திகை தொடங்கிப் பங்குனி வரை இதை எழுதத்தான் காத்திருந்தேன்.

மூன்று தகடும் ஒரே அளவு. 20 சென்ரிமீட்டர் விட்டம், 0.9 மில்லிமீட்டர் தடிப்பு. செம்பின் அடர்த்தி 8.96 என்று வைத்துக் கணக்குப் போட்டால் 253 கிராம் வரும். என் தராசு 250 என்றது, சரி. பனங்குற்றியில் குழி தோண்டி, உள்ளிருந்து வெளிப்பக்கமாகச் சுற்றிச் சுற்றி அடித்துத் தகட்டை இறக்குவது, பிறகு கவிழ்த்து வைத்து விளிம்பை உள்ளே ஒடுக்குவது. அதெல்லாம் இந்த வேலை செய்கிறவர்களுக்குத் தெரிந்ததுதான். அடிக்கிற மரச் சுத்தியல், கொட்டாப்புளி, அதைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை. முதலில் பாலை மரத்தில் செய்தேன். வன்னியில் இருந்துகொண்டு பாலையை விட்டால் வேறெதில் செய்வது என்ற பெருமைதான். தண்ணீரில் போட்டால் தாழ்கிற மரம் அது. ஒவ்வொரு அடியும் தகட்டில் பிறை பிறையாகப் பதிந்துவிட்டது. இப்போது வேம்பு. அடிக்கடி மழுங்குகிறது, அரத்தால் தேய்த்துக்கொள்கிறேன்.

முதல் தகடு போனது முழுக்க என் பிழை. செம்பை அடிக்க அடிக்க இறுகும். இளகின தகட்டில் அடி 'தொப்' என்று விழும்; இறுகத் தொடங்கினால் 'டங்' என்று திருப்பிக் கத்தும். அந்தச் சத்தம் கேட்டதும் நிறுத்திக் காய்ச்ச வேண்டும். இன்னும் ஒரு சுற்று, இன்னும் ஒரு சுற்று என்று அடித்தேன். விளிம்பிலிருந்து இரண்டு விரல் நீளத்துக்குக் கிழிந்தது. அழவும் முடியவில்லை, ஆரையும் ஏசவும் முடியவில்லை.

இரண்டாவது தகடுதான் என்னைச் சுற்றலில் விட்டது. முதலாவதில் காய்ச்சாமல் கெடுத்தோமே என்று இதில் ஒவ்வொரு சுற்றுக்கும் காய்ச்சினேன். அதுவும் அரைகுறையாக இல்லை. சிரட்டைக் கரிக்குள் புதைத்து, இருபது இருபத்தைந்து நிமிடம், செக்கச்செவேலென்று வரும்வரை. மூன்றாம் சுற்றிலேயே மேற்பரப்பு தோடம்பழத் தோல் மாதிரிப் பொருபொருத்துப் போனது. அதிகம் சூடேறினால் செம்புக்குள் இருக்கும் நுண்ணிய பளிங்கு மணிகள் பெருத்து அப்படித்தான் வரும் என்பதால் பெரிதாக எடுக்கவில்லை. ஐந்தாம் சுற்றில், விளிம்பில் அல்ல, நட்ட நடுவில், வற்றிய குளத்து அலைகரைச் சேறு வெடித்தது போல மெல்லிய கீறல்கள். அந்த இடத்தில் நான் பலமாக அடிக்கவே இல்லை. குறட்டால் ஒரு மூலையைப் பிடித்து வளைத்தேன். அப்பளம் மாதிரி ஒடிந்தது. செம்பு ஒடியுமா?

பரந்தன் பக்கம் கம்மாலை வைத்திருந்த ஒரு பெரியவரிடம் துண்டைக் கொண்டுபோனேன். வாயில் சுருட்டோடு அதை உடைத்துப் பார்த்துவிட்டு, "தம்பி, புகையில கெட்டுப்போச்சு" என்றார். அவருடைய சுருட்டைத்தான் சொல்கிறாரோ என்று ஒரு கணம் விழித்தேன். நெருப்புப் புகையைத்தான் சொல்லியிருக்கிறார். ஈரக் கரியில், புகைகிற கரியில் செம்பைக் கிடத்தினால் 'நாறிப்போகும்' என்பது அவர் சொன்ன சொல்.

அவர் சொன்னதற்குக் காரணம் புத்தகத்தில் கிடைத்தது. என் தகட்டைப் போல, கறண்ட் வேலைக்கு வருகிற செம்பு 99.9 வீதம் சுத்தமானது, ஆனால் அதற்குள் 0.02 முதல் 0.04 வீதம் வரை ஒட்சிசன் செப்பு ஒட்சைட்டாகப் பொட்டுப் பொட்டாக இருக்கும். ஈரக் கரி எரியும்போது நீராவியும் தணல் கரியும் சேர்ந்து ஐதரசன் வரும். சூடான செம்புக்குள் ஐதரசன் சுலபமாக நுழைந்துவிடும். அங்கே அந்த ஒட்சைட்டைக் கண்டால் அதன் ஒட்சிசனைப் பிடுங்கி நீராவியாகும். உள்ளே போன ஐதரசன் சின்னது, உண்டான நீராவியோ வெளியே வர முடியாத பெரியது. மணிகளுக்கு இடையிலேயே அமுக்கம் ஏறி வெடிக்கும். நான் இரண்டாவது தகட்டைக் காய்ச்சியது எப்போது? மார்கழி மழையில். கரிச் சாக்கு எங்கே இருந்தது? ஒழுகுகிற கொட்டிலில்.

நம்பிக்கை வராமல் ஒரு சோதனை செய்தேன். தகடு வெட்டி மிஞ்சிய அதே செம்பில் விரல் அகலத்தில் இரண்டு கீலம் வெட்டினேன். ஒன்றை ஈரக் கரியில் அரை மணிநேரம் புதைத்தேன். மற்றதைப் புகை அடங்கிய காய்ந்த கரியின் மேல் வைத்து, சிவந்ததும் எடுத்தேன். இரண்டையும் முன்னும் பின்னுமாக வளைத்தேன். புகையில் கிடந்தது இரண்டாம் வளைவில் போனது. மற்றது பதினொன்று தாங்கியது. அப்புறம் ஏசி மெக்கானிக் மச்சானிடம் ஒரு துண்டுக் குழாய் வாங்கி, பிளந்து தட்டி, அதையும் ஈரக் கரியில் புதைத்துப் பார்த்தேன். அதற்கு ஒன்றுமே ஆகவில்லை! குழாய்ச் செம்பில் கொஞ்சம் பொசுபரசு போட்டு ஒட்சிசனை முன்கூட்டியே எடுத்துவிடுவார்களாம். அப்படியானால் குழாயை விரித்தே கிண்ணம் செய்யலாமே என்றால், அந்த அகலத்துக்குக் குழாய்க்கு எங்கே போவது.

ஆகவே மூன்றாவது தகட்டுக்கு அடிக்கும் முறையில் ஒன்றையும் மாற்றவில்லை, நெருப்பை மட்டும் மாற்றினேன். கரியை முதல் நாள் வெயிலில் காயவைக்கிறேன். கொளுத்தி, புகை முழுக்க அடங்கி, சாம்பல் பூக்கும்வரை பொறுக்கிறேன். பழைய ஹேர் டிரையரால் கீழிருந்து காற்று. தகடு கரிக்குள் அல்ல, மேலே, கம்பி வலையில். மூன்று நான்கு நிமிடத்துக்கு மேல் ஒருபோதும் இல்லை. இந்த அடுப்பே 2022இல் காஸுக்கு வரிசையில் நின்ற காலத்தில் அம்மா சமைக்கக் கட்டியதுதான்.

நிறம் பார்ப்பதுதான் இன்னும் எனக்குப் பிடிபடாத கலை. நம் ஊர் மத்தியான வெயிலில் செம்பு சிவப்பது கண்ணுக்குத் தெரிகிற நேரத்தில் 800 பாகையை எட்டியிருக்கும். தேவையானது அதைவிட எவ்வளவோ குறைவு. அதனால் பொழுதுபட்ட பிறகுதான் காய்ச்சுகிறேன், கொட்டிலுக்குள், லைற்றை அணைத்துவிட்டு. முதலில் தோடம்பழ நிறம் ஓடும், பிறகு ஊதா, பிறகு எல்லாம் கறுத்து ஒன்றுமே தெரியாது. அந்தக் கறுப்புக்குள்ளிருந்து, ஊதுபத்தி நுனி சாம்பலுக்கு அடியில் தெரிவது போல, இருக்கிறதா இல்லையா என்று சந்தேகப்படுகிற ஒரு சிவப்பு வரும். அது வந்ததும் குறட்டால் எடுத்துவிட வேண்டும். 'நல்லாச் சிவக்கட்டும்' என்று பார்த்துக்கொண்டு நின்றால் தோடம்பழத் தோல்தான்.

எடுத்ததும் வாளித் தண்ணீரில் போடுகிறேன். "என்னடா, தண்ணியில போட்டா இறுகிப் போகுமே!" என்று மச்சான் பதறினான். அவன் சொல்வது உருக்குக்கு. செம்பு தண்ணீரில் போட்டாலும் இளகியே இருக்கும், கறுப்புப் பொருக்கும் உதிரும். மிச்சக் கறுப்புக்குப் பழப்புளிக் கரைசல். ஒருநாள் இரும்புக் குறட்டை அதே சட்டிக்குள் மறந்து விட்டுவிட்டேன். காலையில் பார்த்தால் குறட்டின் மூக்கில் செம்பு பூசியிருந்தது. இப்போது மரக் கரண்டிதான்.

தகடு எங்கே வாங்கினேன் என்று சிலர் கேட்டிருந்தார்கள். கொழும்பு பழைய சோனகத் தெருவில். கிளிநொச்சியில் விசாரித்த இடமெல்லாம் கம்பியும் குழாயும்தான். இரவு பஸ்ஸில் போய், தகட்டைச் சுருட்டாமல் அட்டைக்கு நடுவில் வைத்துக் கொண்டுவந்தேன். விலை அடுத்த முறை போவதற்குள் ஏறிவிடும், எப்போதும் ஏறித்தான் இருக்கிறது. இந்தத் தீவில் செப்புத் தாது இல்லாமல் இல்லை. திருகோணமலை மாவட்டத்துச் சேருவிலயில் 1971இல் கண்டுபிடித்தார்கள். அதிலிருந்து ஒரு கீலம்கூட என் பட்டறைக்கு வரவில்லை என்பது வேறு கதை. அந்தக் காலத்தில் ஒல்லாந்தர் (டச்சுக்காரர்) யப்பானிலிருந்து செப்புக் கட்டியைக் கப்பலில் ஏற்றி வந்து ஆசியா முழுக்க விற்றவர்கள். நாம் காசுக்குச் சொல்லும் 'துட்டு'கூட அவர்களுடைய செப்புக் காசின் பெயர்தான். செம்பு இங்கே பெரும்பாலும் இறக்குமதிச் சரக்கு.

பழைய இரும்புக் கடையில் மலிவாகக் கிடைக்கும் என்று சொல்கிறவர்களுக்கு ஒன்று. எறிகணைகளின் இடுப்பில் செப்பு வளையம் இருக்கும். அதற்காகக் காட்டில் கிடப்பதைத் தூக்கிப் பார்க்கவே வேண்டாம். என் பட்டறையில் போர்க்காலத்துப் பொருள் என்று ஒன்றே ஒன்று, பதுங்கு குழியின் மேல் போட்டிருந்த தண்டவாளத் துண்டு. நுனியை உருட்டித் தேய்த்து அதன் மேல்தான் கிண்ணத்தைக் கவிழ்த்து அடிக்கிறேன்.

அடுத்தது ஈயம் பூசுவது. கிண்ணமே முடியவில்லை, அதற்குள் என்ன அவசரம் என்று கேட்பீர்கள். வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்கு முன் தர வேண்டும் என்று அம்மம்மா நாள் குறித்துவிட்டார். அவருடைய பழைய செப்புக் கிடாரத்தை இடம்பெயரும்போது வளவில் புதைத்துவிட்டுப் போனோம். திரும்பி வந்து தோண்டினால் குழி மட்டும் இருந்தது. இந்தச் சின்னக் கிண்ணம் அதற்கு ஈடு இல்லை என்றாலும், பூப் போட்டு வைக்கப்போகிறேன் என்கிறார். எனக்குத் தெரியும், ஒரு வாரத்தில் அதில் ரசம் இருக்கும். புளி பட்டால் செம்பு கரையும், களிம்பு ஏறும். உள்ளே பூச்சு வேண்டும்.

ஹார்ட்வெயார் கடையில் ஈயம் கேட்டேன். கட்டையை எடுத்துத் தந்தார்கள். வீட்டுக்கு வந்து பார்த்தால் ஓரத்தில் 60/40 என்று இருக்கிறது. வயர் பற்றவைக்கிற ஈயம், நாற்பது பங்கு காரீயம், நஞ்சு. பாத்திரத்துக்கு வேண்டியது வெள்ளீயம். நம் ஆட்கள் இரண்டையும் ஒரே சொல்லில் சொல்வதில் வருகிற வினை. கலப்பில்லாத வெள்ளீயக் கட்டையைக் காதருகே வைத்து வளைத்தால் கிறீச் என்று அழும். இந்தக் கட்டை வாயே திறக்கவில்லை. உருகு நிலையும் பார்த்தேன். வெள்ளீயத்துக்கு 232 பாகை வர வேண்டும், இது 190க்குள்ளேயே ஓடிவிட்டது. திருப்பிக் கொடுக்கப் போனால் வெட்டிப் பார்த்ததை எடுக்க மாட்டோம் என்றார்கள். பூச்சு ஒட்டுவதற்குப் போடுகிற நவச்சாரம் மட்டும் கிடைத்திருக்கிறது, நாட்டு மருந்துக் கடையில்.

வெள்ளீயம் கிடைக்கும்வரை விளிம்பை ஒழுங்காக்குவோம். ஒரு பக்கம் மற்றதைவிட நாலு மில்லிமீட்டர் உயரம். இன்று எட்டாவது காய்ச்சு. முற்றத்தில் சாக்கு விரித்துக் கரி காயப் போட்டிருக்கிறேன், கோழி வந்து கிளறுகிறது.